மடிப்பாக்கம் வீட்டின் ஐந்தாவது சாவி

புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள் அக்கா என் கையில் ஒரு சாவிக் கொத்தைக் கொடுத்தாள். மஞ்சள் கயிற்றில் கோத்த நான்கு சாவிகள். பில்டர் பூஜைத் தட்டில் வைத்து ஒப்படைத்தவை. குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு சாவியின் பல்லிடுக்கில் வெள்ளைப் பிரைமர் காய்ந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டியதும் பொருக்காக உதிர்ந்தது. பரண்மேல் கிடந்த பூட்டின் அட்டைப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். சாவிகள் ஐந்து என்று அதில் அச்சிட்டிருந்தது.

பெயின்டர் கையில் புழங்கிய சாவி பூஜைத் தட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை.

பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டட வேலைகளில் கதவு, ஜன்னல் பகுதியை மேற்பார்வை செய்து வருகிறேன். வைகாசியில் குடிபோன அந்த வீட்டில் தை மாதம் வரை என்னென்ன செய்தோம், எவ்வளவு செலவானது, எங்கே சறுக்கினோம் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். புது வீட்டுக்குப் பூட்டு வாங்கக் கடை ஏறுகிறவர்கள் பலரும் பூட்டை மட்டுமே பார்க்கிறார்கள். அந்தப் பூட்டு எந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கப் போகிறது, அதன் சாவிகள் யார் யார் கையில் இருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளையும் கடையில் யாரும் கேட்பதில்லை. இந்த ஆய்வு முழுக்க அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

வீடு மடிப்பாக்கத்தில், அரைக் கிரவுண்ட் மனையில் எழுந்த தனி வீடு. கீழ்த்தளம், முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு. மாமாவின் அம்மாவுக்கு 74 வயது; நான் அத்தை என்று அழைப்பேன். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலரை வரை அத்தை வீட்டில் தனியாக இருப்பார். எனக்குக் கவலை கொடுத்தது வீட்டிலிருந்த பொருள்களைவிட இந்த ஏழரை மணி நேரம்தான்.

மாமா ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மொத்தம் 60,000 ரூபாய். அதில் 35,000 ரூபாய்க்குத் தலைவாசலுக்கு ஒரு டிஜிட்டல் பூட்டு, மீதிக்கு நான்கு கேமராக்கள். “வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கொடுங்கள் மாமா” என்று கேட்டேன். சம்மதித்தார்.

மாடியிலிருந்து ஒரு சுற்று

தலைவாசலை விட்டுவிட்டு மொட்டை மாடியில் தொடங்கினேன். சென்னையில் தனி வீட்டின் பலவீனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மனைகள் நெருக்கமானவை. பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரும் அக்கா வீட்டுக் கைப்பிடிச் சுவரும் நான்கு அடி இடைவெளியில் எதிரெதிரே நின்றன. திடமான ஆளுக்கு ஒரே எட்டு. அந்தப் பக்கம் வீடு இன்னும் பூசு வேலையில் இருந்தது; சாரம் கட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து யார் வேண்டுமானாலும் சாரத்தில் ஏறி, சுவர் தாண்டி, மாடிப்படி அறையின் கதவுக்கு முன்னால் வந்து நிற்கலாம். தெருவில் போகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அந்தக் கதவு அறைகளுக்குள் போடுகிற ஃபிளஷ் கதவு. வெயிலும் மழையும் நேரடியாகப் படுகிற இடத்துக்கு அது ஏற்றதே இல்லை. ஒரு கோடையில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் அடிப்பக்கம் பிரிந்து சீட்டுக்கட்டு மாதிரி விரிந்திருந்தன. உள்ளே ஆறு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று. அதன் திருகுகளை விரலால் தொட்டேன், இரண்டு சுழன்றன. தலைவாசலுக்கு 35,000 ரூபாய்ப் பூட்டு போட நினைத்த வீட்டின் மேல் வாசலை நின்ற இடத்தில் ஓர் உதை உதைத்தால் திறந்துவிடலாம். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கீழே இறங்கி வந்தால் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம். அங்கே ஒரு பின்வாசல். பக்கத்தில் குளியலறை வென்டிலேட்டர். கண்ணாடிப் பட்டைகளைச் சாய்வாகச் செருகிய வகை. அந்தப் பட்டைகளை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். உள்ளே கம்பி இல்லை. ஒல்லியான ஆள் நுழையும் அளவு திறப்பு. ஜன்னல்களில் கிரில் இருந்தது. மூன்று ஜன்னல்களில் அதை வெளிப்பக்கமாகச் சாதாரணத் திருகு போட்டு மாட்டியிருந்தார்கள். இதைச் செய்தவர் மனதில் திருடன் இருந்திருக்க மாட்டான். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதே இருந்திருக்கும். நானும் தளங்களில் இதே அவசரத்தைப் பார்த்திருக்கிறேன், தடுத்தும் இருக்கிறேன்.

தலைவாசல்

கடைசியாகத் தலைவாசலுக்கு வந்தேன். கதவு நன்றாகவே இருந்தது. தேக்கு, 40 மி.மீ. கனம், நான்கு கீல்கள். கதவின் விளிம்புக்குள் புதைத்துப் பொருத்திய மார்ட்டைஸ் பூட்டு. சாவியை இரண்டு சுற்று திருப்பினால் நாக்கு முழுதாக வெளியே நீள்கிறது. கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று தோளால் மெல்ல அழுத்தினேன். நிலைச் சட்டத்தில் டக் என்று ஓசை கேட்டது. கதவு அசைந்தது, மயிரிழை அளவுதான். ஆனால் பூட்டிய கதவு அசையவே கூடாது.

பூட்டின் நாக்கு நுழைகிற தகட்டை நிலையிலிருந்து கழற்றினேன். பிடித்திருந்தவை இரண்டே திருகுகள், ஒவ்வொன்றும் அரை அங்குலம். தகட்டுக்குப் பின்னால் உளியால் வெட்டிய குழி தேவையைவிட இரு மடங்கு அகலமாக இருந்தது. குழிக்கும் நிலையின் உள்முகத்துக்கும் நடுவே எஞ்சிய மரத்தை அளந்தேன்: 8 மி.மீ. உள்ளே திறக்கிற கதவை வெளியிலிருந்து உதைத்தால் நாக்கு முட்டித் தள்ளுவது இந்த 8 மி.மீ. மரத்தைத்தான். குழியின் மேல்பகுதியில் அதுவும் இல்லை. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் பூசி மறைத்திருந்தார்கள். திருகுளியின் நுனியால் குத்தினேன். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

பூட்டுகளின் உள்ளமைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் வடிவமைத்த நெம்புகோல் பூட்டு, அதன்பின் 1860-களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற ஊசிப் பூட்டு என்று இன்று நாம் வாங்குகிற சாவிப் பூட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவைதாம். எத்தனை நெம்புகோல், எத்தனை ஊசி என்று கேட்டு வாங்குவது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணிக்கை கள்ளச்சாவியையும் கம்பியையும் தடுப்பதற்கானது. உதைக்கும் கடப்பாரைக்கும் பதில் சொல்ல வேண்டியது நிலை. அதைப் பற்றி எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்காது.

தச்சர் வந்தார். என்னோடு பல வேலைகளில் இருந்தவர். அவர் நிலையைத் தொடுவதற்குள் அத்தை வந்து நின்றுகொண்டார். “நிலை வைத்த அன்று நவதானியமும் காசும் போட்டுப் பூஜை செய்தது. அதில் துளை போடக் கூடாது தம்பி” என்றார். இதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் தினமும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற நிலை அது. கழற்றிய தகட்டையும் உதிர்ந்த மரத்தூளையும் அவர் கையில் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். “உள்ளே இவ்வளவு பொய்யா?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வேண்டாம், புதன்கிழமை காலையில் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புதன்கிழமை வேலை தொடங்குமுன் அவரே சூடம் காட்டினார்.

குழியில் அடைத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, அளவாக அறுத்த தேக்குத் துண்டை உள்ளே ஒட்டினோம். அதன்மேல் 3 மி.மீ. கனத்தில் எல் வடிவ இரும்புப் பட்டை, ஒன்றரை அடி நீளம். அதன் ஒரு முகம் நாக்கு நுழையும் பக்கத்திலும் மறுமுகம் நிலையின் உள்முகத்திலும் படிந்து அந்த மெல்லிய மரத்தைக் கவ்விக்கொள்ளும். அரை அங்குலத் திருகுகளின் இடத்தில் இரண்டரை அங்குலத் திருகுகள் எட்டு. தேக்கு பிளக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் முதலில் சிறு துளை போட்டார் தச்சர். பிறகு நிலையை ஊடுருவிச் செங்கல் சுவருக்குள் போகிற 150 மி.மீ. ஆங்கர் போல்ட்டுகள், பூட்டுப் பக்கம் நான்கு, கீல் பக்கம் மூன்று. தலைகளைப் புதைத்து மேலே தேக்கு மூடிகள் ஒட்டினோம். பூட்டிவிட்டு மறுபடி தோள் கொடுத்தேன். சத்தமே இல்லை. பட்டை, திருகு, ஆங்கர் எல்லாம் சேர்ந்து 900 ரூபாய். மொத்த வீட்டுக்கும் தச்சுக் கூலி 3,500. எட்டு மாதச் செலவில் மிக அதிகப் பலன் கொடுத்த பணம் இதுதான்.

சாவிக் கணக்கு

ஐந்தாவது சாவியைப் பற்றிப் பில்டரிடம் கேட்டோம். எலக்ட்ரீஷியனிடம் இருக்கலாம், டைல்ஸ் ஒட்டியவரிடம் இருக்கலாம் என்றார். அவர் ஒளிக்கவில்லை, அவருக்கே தெரியவில்லை. ஆறேழு மாதம் ஒரு தளத்தில் முப்பது பேர் வந்து போகிறார்கள். காலையில் முதலில் வருகிறவர் திறக்க வேண்டும், கடைசியில் போகிறவர் பூட்ட வேண்டும். சாவி கை மாறிக்கொண்டேதான் இருக்கும். சாதாரணச் சாவியை எந்தத் தெருமுனைச் சாவிக் கடையிலும் சில நிமிடங்களில் நகலெடுத்துத் தருவார்கள். ஆகவே ஐந்தாவதைத் தேடிக் கண்டுபிடித்தாலும் பயனில்லை. ஆறாவது இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இதற்குப் பூட்டையே மாற்ற வேண்டியதில்லை. இந்த வீட்டு மார்ட்டைஸ் பூட்டில் சாவி நுழைகிற சிலிண்டர் மட்டும் தனிப் பாகம். கதவின் விளிம்பில் உள்ள ஒரு நீளத் திருகைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் அளவு முக்கியம், நான் அங்கே ஒரு தடவை தவறினேன். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக் கடையில் 70 மி.மீ. சிலிண்டர் வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் கைப்பிடித் தகட்டுக்கு வெளியே இருபுறமும் 5 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றது. அப்படித் துருத்தினால் குறடு பிடிக்க இடம் கிடைக்கும். பிடித்து ஒடித்தால் சிலிண்டர் நடுத் திருகுத் துளையில் இரண்டாக முறியும். தகட்டோடு சமமாக இருக்க வேண்டும், மிஞ்சினால் 3 மி.மீ. மறுநாள் போய் 60 மி.மீ. அளவுக்கு மாற்றி வந்தேன். கதவின் கனம் 40, தகடு பக்கத்துக்குப் பத்து என்று வீட்டிலேயே கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

வாங்கியது முகத்தில் குழிகள் போட்ட தட்டைச் சாவி உள்ள சிலிண்டர், 1,850 ரூபாய். கடைகளில் இதைக் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள். உள்ளே இருப்பவை சிறு பித்தளை ஊசிகளும் சுருள்வில்களும்தான். ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டு. சரியான சாவி எல்லா ஊசிகளையும் துண்டு பிரிகிற இடம் ஒரே கோட்டில் வருமாறு தூக்கும், அப்போதுதான் சிலிண்டர் சுழலும். சாதாரணப் பல் சாவியைப்போல் இதைச் சுலபமாக நகலெடுக்க முடியாது. உள்பக்கம் சாவித் துளைக்குப் பதில் திருகுக் குமிழ் உள்ளதையே கேட்டு வாங்கினேன். இரவில் தீயோ புகையோ சூழ்ந்தால் அத்தை சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. கதவுக்கு அருகே கண்ணாடி இருந்தால் உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருப்பிவிடலாம் என்பதால் இந்த வகை ஆகாது. இங்கே கண்ணாடி இல்லை.

புதிய சாவிகள் ஐந்தையும் அக்கா ஒரு நோட்டில் எழுதினாள். யாரிடம் எது, எந்தத் தேதியில் கொடுத்தது என்று. மின் மீட்டர் பெட்டிக்குள்ளும் செருப்பு அலமாரியிலும் துளசி மாடத்தின் அடியிலும் சாவி வைக்கும் வழக்கத்தை அன்றோடு நிறுத்தினார்கள். அந்த மூன்று இடங்களும் சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள்.

கார்த்திகை மாதம் ஒரு மாலை எலக்ட்ரீஷியன் வந்து ஐந்தாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கருவிப் பெட்டியின் அடியில் கிடந்ததாம், வேறு வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவர் நினைவாகக் கொண்டுவந்திருக்கிறார். அத்தை அவருக்குக் காபி கொடுத்தார். நல்ல மனிதர். ஏதாவது நடந்திருந்தால் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழுந்திருக்கும். வேலைக்கு வருகிற பெண் மேலும் விழுந்திருக்கும். சாவிக்குக் கணக்கு இல்லாத வீட்டில் களவு போனால் அந்த வீட்டுக்குள் வந்துபோன ஏழைகள் எல்லோரும் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சாவி நோட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டிஜிட்டல் பூட்டு

மாமாவின் ஆசையை நான் முழுதும் மறுக்கவில்லை. மகள் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். அத்தை எழுந்து வந்து கதவு திறக்க நேரமாகும். அழைப்பு மணி அடித்தது யாரென்று பார்க்காமல் அவசரத்தில் திறந்துவிடுகிற ஆபத்தும் இருந்தது. எண் அழுத்தித் திறக்கிற பூட்டு இந்த வீட்டுக்கு உண்மையாகவே உதவும்.

ஆனால் 35,000 ரூபாய்ப் பூட்டின் பெருமை கைரேகை. கடையில் அத்தையின் விரலை வைத்துப் பார்த்தோம். ஐந்து முறை வைத்தும் ஏற்கவில்லை. அறுபது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த விரல். ரேகைகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கைரேகைப் பூட்டை வாங்குமுன் அவர்களையே கடைக்கு அழைத்துப் போவது நல்லது. எண், கார்டு, சாதாரணச் சாவி மூன்றிலும் திறக்கிற, இணையத் தொடர்பு இல்லாத எளிய பூட்டை 14,500 ரூபாய்க்கு வாங்கினோம். நான்கு பேட்டரிகளில் ஓடும். தீர்ந்துபோனால் வெளியே உள்ள டைப்-சி துளையில் பவர் பேங்க் செருகித் திறக்கலாம். முதல் வேலையாக அதோடு வந்த 123456 என்ற எண்ணை மாற்றினோம். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தனி எண். அவர் வரும் நேரத்தில் மட்டும் வேலை செய்யும். பகலில் இந்தப் பூட்டு, இரவிலும் வெளியூர் போகும்போதும் மார்ட்டைஸ் பூட்டும் சேர்த்து என்று ஏற்பாடு.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் மாலை மகள் எண்ணை அழுத்தினாள். மோட்டார் இரண்டு முறை முனகிவிட்டு நின்றது, எச்சரிக்கை ஒலி அடித்தது. அத்தை உள்ளிருந்து குமிழைத் திருப்பினார், நகரவில்லை. மழையில் இருபத்தைந்து நிமிடம் அந்தப் பெண் வாசலில் நின்றாள். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் கதவின் மேல் மூலையை அழுத்திப் பிடிக்க, அத்தை இரண்டு கைகளாலும் குமிழைத் திருப்பித் திறந்தார். எனக்குப் போன் வந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது.

பூட்டில் பழுதில்லை. கதவு ஊறியிருந்தது. வாசல் பக்கமும் உள்பக்கமும் பளபளவென்று பாலிஷ், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பாலிஷ் படாத வெறும் மரம். அங்கேதான் ஈரம் ஏறும். வைகாசி வெயிலில் 2 மி.மீ. இருந்த இடைவெளி ஐப்பசியில் அடைந்துபோய், நாக்கு தகட்டின் விளிம்பில் இறுகிவிட்டது. ஆனியில் நிலையைச் சரிசெய்த புதன்கிழமை கதவைக் கழற்றித்தான் வைத்திருந்தோம். அன்றே மேலும் கீழும் பாலிஷ் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. மழை விட்டு ஒரு வாரம் கதவு காய்ந்ததும் கழற்றி, பூட்டுப் பக்கம் 2 மி.மீ. இழைத்து, ஆறு முகங்களுக்கும் பாலிஷ் கொடுத்து, தகட்டின் திறப்பை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினோம். 1,200 ரூபாய். புது வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாற்காலியில் ஏறிக் கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். விரலில் சொரசொரப்பு தட்டினால் மழைக்கு முன் பூசிவிடுங்கள். பூட்டு இறுகுகிறதென்று தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து ஊசிகளைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும். திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கைப்பிடிக்கும் திருகுக்கும் 304 தரத்தைவிட 316 தரத் துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்குங்கள், உப்புக் காற்றை அதுதான் தாங்கும்.

மாடி, பின்வாசல், கேட்

மாடிக் கதவுக்கு 16,500 ரூபாய் செலவானது. பட்டியலில் பெரிய தொகை இதுதான், மாமா இப்போதும் இதற்காகச் சந்தோஷப்படுகிறார். இரும்புச் சட்டத்தில் 1.6 மி.மீ. கால்வனைஸ்டு தகடு. உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவில் பூட்டுப் போடுகிற ஆல்ட்ராப் என்ற கனத்த கம்பித் தாழ். மழை நீர் உள்ளே வராமல் இருக்கக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். அதனால் கீல்களும் வெளியே தெரியும். கீலின் ஊசியை உருவினாலும் கதவு கழன்று வராதபடி, கதவு மூடும்போது சட்டத்துக்குள் நுழைகிற இரண்டு இரும்புக் குமிழ்களைக் கீல் பக்கம் பற்றவைக்கச் சொன்னேன். இவ்வளவும் செய்துவிட்டு, துணி காயப்போட்ட மதியத்தில் கதவைத் திறந்தே விட்டால் ஒன்றுமில்லை. அதை அத்தைதான் பிடித்துக்கொண்டார். துணி எடுத்ததும் தாழ் என்பது இப்போது அவர் சட்டம்.

குளியலறை வென்டிலேட்டருக்கு 10 மி.மீ. சதுரக் கம்பிகளைக் கைநுழையாத இடைவெளியில் சுவருக்குள் பதித்தோம். ஜன்னல் கிரில்களின் திருகுத் தலைகளைப் பற்றவைத்து மூடினோம். மாடிப் படுக்கையறையில் ஒரே ஒரு கிரில்லை மட்டும் உள்ளிருந்து சாவி போட்டுத் திறக்கும்படி விட்டோம். படிக்கட்டில் புகை நிறைந்தால் வெளியேற ஒரு வழி வேண்டும். எல்லா ஜன்னலையும் கம்பியால் அடைத்துவிட்ட வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. பின்வாசல் தாழ்ப்பாள்களையும் சேர்த்து 8,400. ஆள் அசைந்தால் எரிகிற விளக்குகள் இரண்டு, 1,600.

வெளிக் கேட்டுக்கு அத்தை தன் பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். அவருடைய மாமனார் வாங்கியது. கையில் வைத்தால் கல் மாதிரி கனக்கிறது. கையாலேயே செய்கிற இந்தப் பூட்டுகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தகுதியானதுதான். ஆனால் கேட்டில் இருந்த கொண்டி மெல்லிய தகடு, அதைப் பிடித்திருந்த திருகுகள் தெருப்பக்கம் தெரிந்தன. பூட்டைத் தொடாமலே கொண்டியைக் கழற்றிவிடலாம். கொண்டியையும் நாதாங்கியையும் கனமான இரும்பில் செய்து கேட்டோடு பற்றவைத்த பிறகுதான் அந்தப் பூட்டை மாட்டினோம். தலைவாசலில் பார்த்த அதே குறைதான் இங்கேயும்.

கேமரா நான்கு போதும் என்றிருந்த இடத்தில் இரண்டு வாங்கினோம், 7,500. ஒன்று கேட்டைப் பார்க்கிறது, ஒன்று மாடிக் கதவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை இங்கே எவரும் மறக்கவில்லை. கேமரா அப்போது குருடு. பூட்டும் நிலையும் மின்சாரம் கேட்பதில்லை. பதிவுப் பெட்டியை வெள்ளம் எட்டாத முதல் மாடியில், யுபிஎஸ் இணைப்போடு வைத்தோம். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழாதபடி கோணம் திருப்பினோம்.

எல்லாம் கூட்டி 55,950 ரூபாய். மாமா ஒதுக்கிய தொகைக்குள்தான்.

நகை விஷயத்தில் ஒரு வார்த்தை. பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று மாமா சொன்னார். 2021 ஏப்ரலில் வந்த அந்தத் திட்டம் தீ, வெள்ளம் முதலியவற்றுக்கானது. அத்தகைய சேதத்தைத் தொடர்ந்து ஏழு நாள்களுக்குள் நடக்கும் திருட்டைத்தான் ஏற்கும். கன்னக்களவுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், அதிலும் பொதுவாக உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள். கள்ளச்சாவியால் திறந்த கதவில் என்ன அடையாளம் இருக்கும்? ஐந்தாவது சாவியை நான் ஏன் விடவில்லை என்பது அப்போதுதான் மாமாவுக்கு முழுதாகப் புரிந்தது. நகைகளை வங்கி லாக்கருக்கு மாற்றினார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி முதல், திருட்டு, தீ போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை. 3,000 ரூபாய் வாடகைக்கு 3 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது பெரிய தொகை இல்லை என்பதையும் சொல்லி வைத்தேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் குடும்பத்தோடு ஊருக்குப் போனார்கள். போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பாலும் நாளிதழும் நிறுத்தினார்கள். பொங்கலன்று தெருவே கோலமாக இருக்கும்போது ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தால் வீட்டில் ஆளில்லை என்று பலகை எழுதி வைத்த மாதிரி. எதிர்வீட்டு அம்மா நான்கு நாளும் தண்ணீர் தெளித்து இரண்டு கோலம் போட்டார், தன் வாசலுக்கு ஒன்று, அக்கா வாசலுக்கு ஒன்று.

இன்னும் ஒரு வேலை பாக்கி. முதல் மாடி பால்கனியில் பக்கவாட்டில் நகரும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) கதவைத் தூக்கினால் தண்டவாளத்திலிருந்து எழும்புகிறது. மேல் சட்டத்தில் கதவு எழும்பாதபடி தடுப்புத் துண்டுகளும், கீழே உள்ளிருந்து போடுகிற தாழும் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்துவிட்டேன். தச்சர் அடுத்த வாரம் வருகிறார்.